ஐந்தாவது தெரிவு

ஏழு என்ற எண்ணை இரண்டால் பிரித்தால் மூன்று என்று கஜனியின் புரோகிராம் சொன்னபோது ஸஹ்ராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மிச்ச அரை எங்கடி ஈக்கி?" என்றாள். "கடையில வெச்சிட்டு வந்தியா?"

கஜனியும் சிரித்தாள். கண்டி டவுனில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் நடக்கிற சனிக்கிழமை வகுப்பு அது. கட்டுகஸ்தோட்டையிலிருந்து வருகிற ஸஹ்ராவும், மூக்குக்கண்ணாடிக் கடையொன்றில் வேலை செய்துகொண்டு போடிங்கில் தங்கியிருக்கும் கஜனியும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். ஒரே மேசையில் உட்காருகிறவர்கள். சி மொழியில் ஆளுக்கொரு சின்னக் கல்குலேட்டர் எழுதியிருந்தார்கள். கறுப்புத் திரையில் எண்களைக் கேட்கும். கூட்டி, கழித்து, பெருக்கி, பிரித்து விடை சொல்லும். அவ்வளவுதான். இன்றைக்கு ஒருவருடையதை மற்றவர் வாங்கி, எங்கே பிழைக்கிறது என்று கண்டுபிடித்துத் திருத்த வேண்டும்.

படிப்பிக்கிற நபீல் சேர் அந்தப் பக்கம் வந்தவர் குனிந்து திரையைப் பார்த்தார்.

"எல்லாத்தையும் முழு எண்ணா அறிவிச்சிருக்கீங்க. முழு எண்ண முழு எண்ணால பிரிச்சா இதுக்கு முழு எண்தான் தெரியும். மிச்சத்த வெட்டிரும். கிட்டின எண்ணுக்கு மாத்தவும் மாத்தாது. சும்மா வெட்டி எறிஞ்சிரும்." சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

ஸஹ்ரா அதைக் குறித்துக்கொண்டாள். கஜனியின் சிரிப்பு மட்டும் பாதியில் நின்றுபோயிற்று. அந்தப் புரோகிராமில் கூட்டல், கழித்தல், பெருக்கல், பிரித்தல் என்ற நான்கோடு ஐந்தாவதாக ஒரு தெரிவும் இருந்தது. தமிழ் எழுத்து அந்தக் கறுப்புத் திரையில் ஒழுங்காக விழாததால், ஆங்கில எழுத்தில் 'மருந்து' என்று அடித்து வைத்திருந்தாள். அது வகுப்புக்காக எழுதியதல்ல. ஹுன்னஸ்கிரியவில் இருக்கிற அக்கா சர்மிளாவுக்காக எழுதியது.

அக்காவின் மகன் யதுசனுக்கு வலிப்பு. காலையும் இரவும் பாணி மருந்து குடிக்க வேண்டும். கிளினிக்கில் இத்தனை மில்லிகிராம் என்றுதான் எழுதுவார்கள். மருந்து அங்கே முடிந்துபோகிற மாதங்களில் வெளியே பார்மசியில் வாங்கினால், குப்பிக்குக் குப்பி அதன் செறிவு வேறாக இருக்கும். ஒன்றில் ஐந்து மில்லிலீட்டருக்கு இருநூறு, இன்னொன்றில் நூறு. ஒருமுறை குப்பி மாறியதைக் கவனிக்காமல் பழைய அளவையே ஊற்றப் போய், கடைசி நிமிடத்தில் கண்டுபிடித்து, சர்மிளா அழுதுகொண்டே போன் எடுத்தாள். அடுத்த தடவை ஊருக்குப் போனபோது கஜனி தன் பழைய லெப்டொப்பில் அந்த ஐந்தாவது தெரிவை எழுதி, ஒரு பிரதியைத் தனக்கு எடுத்துக்கொண்டு, லெப்டொப்பை அக்கா வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தாள். டொக்டர் எழுதின எண்ணைக் கொடு, குப்பியில் இருக்கிற எண்ணைக் கொடு, எத்தனை மில்லிலீட்டர் என்று அது சொல்லும். இருநூறையும் இருநூறையும் கொடுத்தார்கள், ஐந்து வந்தது. இருநூறையும் நூறையும் கொடுத்தார்கள், பத்து வந்தது. இரண்டும் சரி. "என் தங்கச்சி செஞ்சது" என்று சர்மிளா தோட்டத்து லய வீடுகளில் எல்லோருக்கும் சொன்னாள்.

இந்த வாரம் கிளினிக்குக்குப் போய்விட்டு வந்து அவள் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தாள். கஜனி வேலை அவசரத்தில் அதை அரைகுறையாகக் கேட்டிருந்தாள். இப்போது போனைக் காதில் வைத்து மறுபடியும் கேட்டாள்.

"டொக்டர் மருந்தக் கூட்டிட்டாரு கஜனி. இனி எரநூத்தம்பது குடுக்கணுமாம். வெளியிலதான் வாங்கினோம், நூறு போட்ட போத்தல். ஒன் லெப்டொப்புல பாத்து குடுக்கிறேன், நீ பயப்படாத."

விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். ஐந்தை அழுத்தினாள். இருநூற்றைம்பது. நூறு. திரை யோசிக்காமல் பதில் சொன்னது: பத்து.

நூறால் பிரித்து வந்த இரண்டரையில் அரை போய், இரண்டு மட்டும் ஐந்தால் பெருக்கப்பட்டிருந்தது. இருநூறு கொடுத்தபோது இருந்த பழைய அளவும் பத்துத்தான். டொக்டர் கூட்டிய ஐம்பதை இவளுடைய புரோகிராம் வெட்டி எறிந்துவிட்டது.

"என்ன?" என்றாள் ஸஹ்ரா. கஜனி சொன்னாள். வார்த்தைகள் முன்னும் பின்னுமாக வந்தன. கேட்டுக்கொண்டே ஸஹ்ராவின் முகமும் மாறியது.

"முதல்ல தாத்தாக்கு கோல் எடு" என்றாள். அவள் வீட்டில் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். பதற்றத்தில் அதுவே வாயில் வந்தது.

சர்மிளாவின் போன் அணைந்திருந்தது. அத்தானின் போன் அடித்து அடித்து நின்றது. அக்காவின் கணவர் ரவிகுமார் ஆட்டோ ஓட்டுகிறவர். ஓட்டும்போது போன் எடுக்கமாட்டார். கஜனி செய்தி அனுப்பினாள். அது போய்ச் சேர்ந்ததற்கான அடையாளம் வரவில்லை.

சும்மா இருக்க முடியாமல், விடை வருகிற இடத்தை மட்டும் தசம எண்ணாக மாற்றி மறுபடி ஓட்டிப் பார்த்தாள். பத்து, பிறகு ஒரு புள்ளி, அதன் பின்னால் ஆறு பூச்சியங்கள். அதே பிழைதான், ஆனால் இப்போது பார்க்க முன்னைவிட நம்பிக்கையாக இருந்தது. கஜனிக்கு அந்தப் பூச்சியங்களைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"அங்க இல்லடி" என்றாள் ஸஹ்ரா, மெதுவாக. "விடைக்கு வர முந்தியே வெட்டுப்பட்டுப் போகுது. பிரிக்கிற ரெண்டு எண்ணையும் மாத்தணும். அத நான் பாக்குறன். நீ போ. போய் ஆள நேர்ல பாரு."

கஜனி பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

மஹியங்கனை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கிடைத்த இடத்தில் உட்கார முடியவில்லை. மடியில் போனை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டாள். நூறுக்கு ஐந்து, இருநூறுக்குப் பத்து, மிச்சம் ஐம்பதுக்கு இரண்டரை. பன்னிரண்டரை. போனில் இருந்த கல்குலேட்டரிலும் பன்னிரண்டரை. குண்டசாலை தாண்டும்போது மறுபடியும் போட்டாள். விரலில் போட்டாள். திகனையில் பஸ் நின்று ஆட்கள் ஏறும்போது, தலைகீழாக, பன்னிரண்டரையிலிருந்து இருநூற்றைம்பதுக்குப் போய்ப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் சரியாகத்தான் வந்தது. அக்கா வீட்டில் போட்டுப் பார்த்த அந்த இருநூறும்கூட அன்றைக்குச் சரியாகத்தானே வந்தது? தன் கையால் வருகிற எந்த எண்ணையும் இனி நம்ப முடியாது போல் இருந்தது. அக்கா போன் எடுத்தாலும் பன்னிரண்டரை என்று சொல்லத் தைரியம் வருமா என்று தெரியவில்லை. அத்தானுக்கு மறுபடி மறுபடி எடுத்தாள். அக்கா முன்பு அனுப்பியிருந்த கிளினிக் அட்டைப் படத்தில் இருந்த இலக்கத்துக்கும் அடித்துப் பார்த்தாள். சனிக்கிழமை, யாரும் எடுக்கவில்லை.

பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர், "என்ன மகள், சுகமில்லையா?" என்று கேட்டார். "இல்லம்மா, சும்மா" என்றாள். தெல்தெனியவை நெருங்கும்போது விக்டோரியா நீர்த்தேக்கம் கீழே வெயிலில் கண்ணைக் கூச வைத்தது. கஜனி அந்தப் பக்கமே திரும்பவில்லை. இரண்டரை மில்லிலீட்டர் என்பது எவ்வளவு? ஒரு சின்னக் கரண்டியில் பாதி. அவ்வளவு குறைந்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது என்று ஒரு மனம் சொன்னது. ஒன்றும் ஆகாதென்றால் டொக்டர் ஏன் கூட்டினார் என்று இன்னொரு மனம் கேட்டது.

போன் அடித்தது. அத்தான்.

"கஜனி, பத்து பதினஞ்சு தடவ எடுத்திருக்க. ஒனக்கு யாரு சொன்னது?"

"என்னத்த அத்தான்?"

"யதுசனுக்கு காலையில வலிப்பு வந்திருச்சு. நிக்கவே இல்ல. நான்தான் ஆட்டோவுல ஏத்திக்கிட்டு தெல்தெனிய ஆஸ்பத்திரிக்கு வந்தேன். இப்ப நின்னுருச்சு. தூங்குறான்." அவருடைய குரல் கரகரத்தது. "அக்கா போன சார்ஜ் இல்லாம வீட்டுலயே போட்டுட்டு வந்துட்டா."

கஜனி எழுந்து பெல்லை அடித்தாள். பஸ் நிற்கிற வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நின்னுருச்சு, நின்னுருச்சு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சிறுவர் வார்ட்டில் கடைசிக் கட்டிலில் யதுசன் ஒருபக்கமாகச் சரிந்து படுத்திருந்தான். கையில் ஊசி ஒட்டியிருந்தது. கடித்துக்கொண்ட உதடு தடித்துப் போயிருந்தது. சர்மிளா கதிரையைக் கட்டிலோடு இழுத்துப் போட்டு அவன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டுச் சட்டையோடு வந்திருந்தாள். ஒரு காலில் தன் செருப்பு, மறுகாலில் அத்தானுடையது. தங்கச்சியைக் கண்டதும் அவளுக்கு அழுகை வந்தது.

"கூட்டின மருந்தையும் மீறி வந்திருச்சு கஜனி. இனி என்னத்தக் குடுக்கிறது?"

சொல்லிவிட வேண்டும் என்று கஜனி வாயைத் திறந்தாள். அதற்குள் வார்ட்டின் டொக்டர் வந்துவிட்டார். இளவயதுப் பெண், சிங்களத்தில் தணிந்த குரலில் பேசினார். கிளினிக் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். இருநூற்றைம்பது கொடுத்தும் இவ்வளவு நேரம் வந்திருக்கிறது என்றால், இந்த மருந்து மட்டும் இவனுக்குப் போதாது போலிருக்கிறது என்றார். இரண்டாவது மருந்தொன்றையும் சேர்த்து இன்றைக்கே ஆரம்பிக்க யோசிக்கிறேன், அது கொஞ்சம் கடுமையானது, ஈரலைக் கவனிக்க இரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

சர்மிளாவுக்குச் சிங்களம் அரைகுறை. ரவிகுமார் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவள் தலையாட்டினாள்.

கஜனி சுவரோடு நின்றாள். ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், அவள் சும்மா இருந்துவிடலாம் என்று நினைத்தாள். புது மருந்து கொடுப்பார்கள். சுகம் வந்தாலும் வரும். இரவுக்கு வீட்டுக்குப் போய் அந்தப் பிரித்தலைத் திருத்தி வைத்துவிட்டு, "அக்கா, கொஞ்சம் புதுசாக்கியிருக்கேன்" என்று சொன்னால் யாருக்குத் தெரியப் போகிறது? நினைத்த நிமிடமே யதுசனின் தடித்த உதட்டில் கண் போயிற்று.

டொக்டர் சர்மிளாவைப் பார்த்து, மருந்தை ஒரு நேரமும் தவறவிடாமல் கொடுத்தீர்களா, சரியாக அளந்தீர்களா என்று கேட்டார். ரவிகுமார் அதைத் தமிழில் சொன்னார். சொன்ன கையோடு தன்பாட்டிலும் கேட்டார்: "ஒழுங்கா அளந்தியா? நெசத்தச் சொல்லு. காலையில அவசரத்துல கொறச்சு ஊத்திட்டியா?"

"நான் ஏங்க கொறைக்கிறேன்?" சர்மிளாவின் முகம் வெளுத்துப்போயிற்று. "ஒரு சொட்டு சிந்தினாக்கூட திருப்பி அளக்கிறேன்."

"அக்கா சரியாத்தான் அளந்தா" என்றாள் கஜனி. தன் குரல் இவ்வளவு சத்தமாக வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நான் குடுத்த கணக்குத்தான் பிழை."

பிறகு டொக்டரைப் பார்த்து, கடையில் பேசிப் பழகிய சிங்களத்தில் சொன்னாள். தான் படிக்கிற வகுப்பு, தான் எழுதிய புரோகிராம், முழு எண், வெட்டுப்பட்ட மிச்சம். டொக்டருக்கு முதலில் விளங்கவில்லை. கஜனி ஸஹ்ராவுக்குச் சொன்னதைப் போல இங்கும் முன்பின்னாகச் சொல்லிக்கொண்டு போனாள். டொக்டர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் வேண்டாம். பிள்ளையின் வாய்க்குள் போனது எவ்வளவு?"

"பத்து மில்லிலீட்டர்."

"எந்தக் குப்பி?"

ரவிகுமார் பையிலிருந்து குப்பியை எடுத்தார். டொக்டர் வெளிச்சத்தில் பிடித்து அதன் லேபிளை வாசித்தார். எழுதிக்கொண்டிருந்த தாளில் ஒரு வரியை வெட்டினார்.

"அப்போ இவன் இன்னும் பழைய அளவில்தான் இருக்கிறான். கூட்டியதை யாருமே கொடுத்துப் பார்க்கவில்லை." தாளிலிருந்து நிமிர்ந்து கஜனியைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று கஜனி காத்திருந்தாள். "நல்லவேளை இப்போது சொன்னீர்கள். இரண்டாவது மருந்து இப்போதைக்கு வேண்டாம். பெரிய டொக்டரிடம் கேட்டுவிட்டு, எழுதிய அளவை ஒழுங்காகக் கொடுத்துப் பார்ப்போம். அந்தப் புரோகிராமை இனி யாரும் தொடாதீர்கள்."

போகுமுன் குப்பியின் மேல் வெள்ளை ஒட்டுத்தாள் ஒன்றை ஒட்டி, தன் கையால் அளவை எழுதினார். 12.5. கஜனி அதைப் பார்த்தாள். பஸ்ஸில் அவ்வளவு தடவை போட்டுப் பார்த்த அதே எண். அதைப் பார்த்தும் அவளுக்கு ஆறுதல் வரவில்லை.

ரவிகுமார் குப்பியைப் பைக்குள் வைத்தார். மைத்துனியைப் பார்க்கவில்லை. "டீ வாங்கிட்டு வாறேன்" என்று கட்டிலைப் பார்த்துச் சொல்லிவிட்டு வெளியே போனார். திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. வந்தபோது கையில் டீ இருக்கவில்லை.

அவர் வெளியே போயிருந்த நேரத்தில்தான் சர்மிளா அதைச் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் கஜனியால் தாங்கியிருக்க முடியும்.

"எனக்கு அன்னிக்கே நெருடிச்சு கஜனி. டொக்டர் கூட்டியிருக்காரு, இது பழைய பத்தையே சொல்லுதேன்னு. ரெண்டு தரம் அடிச்சுப் பாத்தேன். ரெண்டு தரமும் பத்துத்தான். ஒங்கிட்ட கேப்போமான்னு போன எடுத்தேன்."

"ஏன்க்கா கேக்கல?"

"நீ படிச்சு எழுதினது. எனக்குத்தான் வெளங்கலயாக்கும்னு விட்டுட்டேன்."

யதுசன் தூக்கத்தில் காலை உதறினான். இருவரும் ஒன்றாக எழுந்து நின்றுவிட்டார்கள். வலிப்பில்லை, சும்மா தூக்கத்தில் உதறியதுதான். சர்மிளா மறுபடி உட்கார்ந்தாள். கஜனிக்கு உட்கார வரவில்லை.

யதுசனை ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள். கஜனி கடைக்குத் திரும்பினாள். மூக்குக்கண்ணாடி எடுக்க வருகிறவர்களின் துண்டுச்சீட்டில் கண்ணாடியின் பவர் இலக்கம் எழுதியிருக்கும். அதைப் படிவத்தில் ஏற்றுவது அவள் வேலை. முன்பு பேசிக்கொண்டே ஏற்றுவாள். இப்போது ஒவ்வொன்றையும் வாய்விட்டு வாசித்துப் பார்த்தாள், வாசித்ததைத் திரும்பவும் வாசித்தாள். முதலாளி ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

வகுப்பை விட்டுவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள். ஸஹ்ரா போடிங் வாசலுக்கே வந்து கூட்டிக்கொண்டு போனாள். கஜனியின் புரோகிராமை அவள் திருத்தி முடிக்காமல் வைத்திருந்தாள். "நீ இல்லாம தொட மனசு வரல்ல" என்றாள். இருவரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். முழு எண்களையெல்லாம் தசம எண்களாக்கினார்கள். பூச்சியத்தால் பிரிக்கச் சொன்னால் மறுக்க வைத்தார்கள். எண் கேட்கிற இடத்தில் ஸஹ்ரா வேண்டுமென்றே தன் பெயரை அடித்தாள்; திரை பைத்தியம் பிடித்ததுபோல் ஒரே வரியை நிற்காமல் அச்சடித்துக்கொண்டே போயிற்று. அதைப் பிடித்து நிறுத்த அரைநாள் போனது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் பிறகு கஜனி ஒரு தாளில் கையால் கணக்குப் போட்டு, திரையோடு ஒத்துப் பார்த்தாள். ஒத்துவந்த கணக்கு ஒவ்வொன்றையும் பார்க்கும்போது, இன்னும் போட்டுப் பார்க்காத கணக்குகள்தான் அவளுக்கு ஞாபகம் வந்தன.

"போதும்டி" என்றாள் ஸஹ்ரா.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்றாள் கஜனி. அது ஒன்றோடு நிற்கவில்லை.

நபீல் சேர் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். வகுப்புக்கு அதையே எடுத்துக் காட்டினார். கஜனிக்குக் கைதட்டல் காதில் விழவில்லை. புதிய புரோகிராமில் நான்கு தெரிவுகள்தான் இருந்தன.

அடுத்த விடுமுறைக்கு அவள் ஹுன்னஸ்கிரியவுக்குப் போனாள். யதுசன் வாசலில் பக்கத்து வீட்டுக் கறுப்பையாவின் நாய்க்குட்டியைத் துரத்திக்கொண்டு ஓடினான். அவன் விழுந்துவிடுவானோ என்று கஜனியின் கண் அவன் பின்னாலேயே ஓடியது. உள்ளே போய் லெப்டொப்பைத் திறந்து பழைய புரோகிராமை அழித்தாள். சர்மிளா கதவில் சாய்ந்து நின்று பார்த்தாள்.

"புதுசு போடலயா?"

"மருந்துக்குப் போடலக்கா. போட மாட்டேன். போத்தல் மாறினா பார்மசிக்காரங்கிட்ட அளவ எழுதித் தரச் சொல்லிக் கேளு. எழுதித் தராம வாங்காத."

"கேக்கிறேன்." சர்மிளா உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "இனி நான் எல்லாத்தையும் கேப்பேன். பைத்தியக்காரின்னு நெனச்சாலும் பரவால்ல. ஒங்கிட்டயும் கேப்பேன்."

"கேளுக்கா."

பின்னேரம் ரவிகுமார்தான் அவளைப் பஸ்ஸுக்கு ஆட்டோவில் கொண்டுபோய் விட்டார். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவர் அவளோடு நேரடியாகப் பேசியிருக்கவில்லை. சோறு வேணுமா என்றுகூடப் பிள்ளையின் வாயால்தான் கேட்டார். மூடுபனி இறங்கிய பாதையில் முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாக ஓட்டினார். சந்தியில் நிறுத்தியதும் கஜனி இறங்கினாள். அவர் திரும்பிப் பார்க்காமல் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

"அன்னிக்கு நீ சொல்லாம விட்டிருந்தா, அந்த ரெண்டாவது மருந்தும் ஏறியிருக்கும்" என்றார்.

"நான் எழுதாம விட்டிருந்தா ஒண்ணுமே வந்திருக்காது அத்தான்."

"அதுவும்தான்." அவர் மறுக்கவில்லை. மறுக்காதது அவளுக்கு ஒருவகையில் நல்லதாக இருந்தது. "பஸ் வருது. ஏறினதும் அக்காவுக்கு ஒரு கோல் குடு. நீ போய்ச் சேர்ற வரைக்கும் அவ தூங்க மாட்டா."

பஸ் தெல்தெனிய தாண்டும்போது போன் அதிர்ந்தது. திரையில் அக்காவின் பெயர். மறுபடியும் வலிப்போ என்று நினைத்தாள். எடுத்துக் காதில் வைத்தாள்.

"எங்க வாற?" என்றாள் சர்மிளா. "யதுசன் சாப்பிட்டுட்டு ஒக்காந்திருக்கான். ஒங்கிட்ட பேசணுமாம்."

"குடுக்கா" என்றாள் கஜனி. அவன் நாய்க்குட்டியைப் பற்றிச் சொன்ன நீண்ட கதையை, தன் அழுகை அவனுக்குக் கேட்காதபடி வாயைப் பொத்திக்கொண்டு, முழுக்கக் கேட்டாள்.